கோலமும் கோபுரமும் இல்லாமல் ஒரு டிசைன்

“உங்க அடையாளத்துலேர்ந்து ஒரு போஸ்டர் பண்ணிட்டு வாங்க” என்று டிசைன் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால், அடுத்த வாரம் வகுப்பறைச் சுவரில் என்னென்ன தொங்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். புள்ளிக்கோலம், கோபுரம், ஜல்லிக்கட்டுக் காளை, டபரா செட், மல்லிகைச் சரம், ஆத்தங்குடிக் கல். எல்லாமே நன்றாகத்தான் வரைந்திருப்பார்கள். ஆனால் மூலையில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பையனும் வேலூர்ப் பெண்ணும் ஒரே காளையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இரண்டு பேருமே வாடிவாசலை டிவியில் பார்த்ததோடு சரி.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. “தமிழ்ப் பண்பாடு” என்று பின்ட்ரெஸ்ட்டில் தேடினாலும் சரி, ஏஐ-யிடம் படம் கேட்டாலும் சரி, வந்து விழுவது இதே சரக்குதான். நெடுஞ்சாலை மோட்டல் சுவரிலும் இதுதான் இருக்கிறது, கல்யாண மண்டப வாசல் பேனரிலும் இதுதான் இருக்கிறது. ஊர்ப் பொதுச்சொத்தை எடுத்துக் காட்டி “இதுதான் நான்” என்றால் எப்படி எடுபடும்?

லோகோ, பேக்கேஜிங், புத்தக அட்டை என்று இந்தத் தொழிலில் ரொம்ப காலமாக இருக்கிறேன். நடுநடுவே வகுப்பும் எடுக்கிறேன். சொந்த அடையாளத்திலிருந்து ஐடியா எடுப்பதில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வழி. வீட்டில், ஊரில் கண்ட படத்தைத் தொடுவதில்லை. அங்கே வேலை எப்படி நடந்தது என்பதை எடுத்துக்கொள்வேன். படத்தை யாரும் நகல் எடுத்துவிடலாம். ஒரு வேலை எந்த வரிசையில் நடந்தது, எதற்குப் பயந்தார்கள், எதில் சிக்கனம் பிடித்தார்கள் என்பதெல்லாம் கூட இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இதைச் சொல்ல என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். ஊருக்குள் தொழில்கள் வந்த கதை தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பின்னால் வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க பிரஸ் வந்தது. பிரஸ் வந்த பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று அச்சே தனித் தொழிலாகிவிட்டது. மழை குறைந்த வறண்ட பூமி என்பது இத்தனைக்கும் ஒத்தாசை. குச்சியில் முக்கிய மருந்து சீக்கிரம் காயும். காற்றில் ஈரம் இல்லையென்றால் பேப்பர் உப்பாது. பேப்பர் உப்பாவிட்டால் நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். மழை வந்தால் எங்கள் பக்கம் விவசாயி சிரிப்பார், பிரஸ்காரர் முகத்தைச் சுளிப்பார்.

அப்பா ஆப்செட் மெஷினில் வேலை பார்த்தார். அம்மா கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், மேஜை நாற்காலியெல்லாம் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே பெட்டி ஒட்டினார்.

பள்ளி நோட்டுக்கு அட்டை போட எங்கள் வீட்டில் பிரவுன் ஷீட் வாங்கியதே இல்லை. அப்பா பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட் கொண்டுவருவார். ஒரு வேலையை மெஷினில் ஏற்றியதும் மை அளவும் ரிஜிஸ்டரும் (ஒரு கலர்மேல் அடுத்த கலர் பிசகாமல் உட்காருவது) சரியாக வரும்வரை கொஞ்சம் தாளை ஓட்டியாக வேண்டும். அதற்குப் புதுத் தாளைப் போட்டுக் கெடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே வேறொரு வேலைக்கு ஓட்டிய தாளையே மறுபடி ஓட்டுவார்கள், அடுத்த வேலைக்கும் அதையே. அப்படிப் பல தடவை மெஷினுக்குள் போய்வந்த தாள் எப்படி இருக்கும்? என் கணக்கு நோட்டின் அட்டையில் முருகன் இருந்தார். அவர் தோளுக்கு மேலே சங்குசக்கரப் பெட்டியின் லேபிள்கள் வரிசையாக ஓடும். அதற்கும் மேலே ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் விலாசம் தலைகீழாக. மயிலின் நீலக் கழுத்தில் லேபிளின் மஞ்சள் விழுந்த இடம் பச்சையாகியிருக்கும். தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் கூட்டல் குறி, பக்கத்தில் மை அளவைப் பார்க்கும் சின்னச் சின்னக் கலர்க் கட்டங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நோட்டும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அப்போது இது யாருக்கும் விசேஷமாகத் தெரியவில்லை.

கல்லூரியில் “உன் பின்னணி என்ன” என்று கேட்டபோது கூடப் படித்தவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது பட்டாசுப் பெட்டி லேபிள்களைத்தான். புலி, ரோஜா, சினிமா நடிகை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படங்கள் ஏற்கெனவே டி-ஷர்ட்டிலும் காபி கப்பிலும் ஏறிவிட்டன. வேஸ்ட் ஷீட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை, அது குப்பை.

அதிலிருந்து படம் எதையும் எடுக்காமல், அந்தத் தாளில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒன்றின்மேல் ஒன்று அச்சாகிறது. மேலே விழுவது கீழே இருப்பதை மறைப்பதில்லை. மை சிலதுதான், கலரோ ஏராளம். சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்த நான்கு வாக்கியங்கள் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன.

வகுப்பிலும் இதே பயிற்சிதான் கொடுக்கிறேன். வீட்டில் என்னென்ன பொருள் இருந்தது என்று எழுதாதீர்கள், என்னென்ன நடந்தது என்று எழுதுங்கள். பாட்டி மொய் நோட்டை எப்படி வரிசைப்படுத்தினார், தையல்கடை அத்தை அளவுகளை எந்த இடத்தில் எழுதினார், அப்பா பைக் பெட்டிக்குள் பேப்பர்களை எப்படி மடித்து வைத்தார். எழுதி முடிக்கும்வரை போனைத் தொடக் கூடாது, ஒரு ரெஃபரன்ஸ் படம்கூடப் பார்க்கக் கூடாது. நினைவிலிருந்து எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது: நமக்கு எது பட்டதோ அது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பிறகு ஊருக்குப் போய் நிஜப் பொருளை எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ-யில், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துப் பண்ணுங்கள். பசை, மடிப்பு, யாரோ போட்ட கூட்டல் கணக்கு எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த முறை உண்மையான வேலையில் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு சேவுக் கடை. சாத்தூர்ப் பக்கம், பெயர் வேண்டாம். கடை அண்ணாச்சிக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் விற்க ஒரு கிஃப்ட் பாக்ஸ் வேண்டும்.

“பாரம்பரியம் தெரியணும்மா. ஒரு பாட்டி, கையில முறம், முறத்துல சேவு… அப்படிப் போட்டுருவோம்.”

“பாட்டி எப்ப அண்ணாச்சி சேவு போட்டாங்க? உங்க அடுப்புல நிக்கிறது எல்லாம் ஆம்பளைங்கதானே?”

சிரித்துவிட்டார். சேவு போடும் இடத்தைக் காட்டச் சொன்னேன். கரண்டிக் கண்ணில் மாஸ்டர் உள்ளங்கையால் மாவை அழுத்தித் தேய்க்க, துண்டு துண்டாக எண்ணெயில் விழுந்தது. ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே கை என்று தெரிந்தது. தடித்த பிரஷ்ஷில் அந்த மாதிரிக் குட்டைக் கோடுகளை ஒரு தாள் நிறைய இழுத்தேன். வேறொரு தாளில் இன்னொரு தொகுதி. முதல் தாளுக்கு ஆரஞ்சு மை, இரண்டாவதற்குக் கருநீலம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு வரும். நன்றாக முறுகிய சேவின் நிறம் அது. இரண்டு மை, ஆனால் பார்ப்பவருக்கு மூன்று கலர். கடைப் பெயர் நீலத்தில் மட்டும், தடிமனாக.

வேஸ்ட் ஷீட் இந்தப் பெட்டியில் எங்கேயும் கண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. அவர் காசு கொடுப்பது அவர் கடையின் அடையாளத்துக்கு, என் பால்ய காலத்துக்கு அல்ல. படத்தைத் தூக்கி வந்து ஒட்டியிருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும்.

செலவிலும் இது கைகொடுத்தது. ஒரு மைக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. நான்கு கலருக்குப் பதில் இரண்டு பிளேட். கோடுகள் எப்படி விழுந்தாலும் அழகுதான் என்பதால் ரிஜிஸ்டர் ஒரு நூல் தள்ளினாலும் தாள் வேஸ்ட் ஆகாது. காரச் சேவுக்கு ஆரஞ்சு, மிளகுச் சேவுக்கு அதே பிளேட்டில் ஆரஞ்சுக்குப் பதில் வேறு மை. வகையின் பெயர், விலை, பேக்கிங் தேதி எல்லாம் தனி ஸ்டிக்கரில். சைவ உணவுக் குறி பச்சையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி, என் இரண்டு மையிலிருந்து பச்சை வராது. அதையும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணையும் சேர்த்து அந்த ஸ்டிக்கருக்கே தள்ளினேன். எத்தனை மையில் அடிக்கப்போகிறோம் என்று முடிவு பண்ணும் முன்பே கட்டாயக் குறிகளைப் பட்டியல் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

அச்சு சிவகாசியில்தான். அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் மெஷினில் இருந்தார். முதல் தாள் ஓடியதும் போன்.

“பாப்பா, ரிஜிஸ்டர் விட்டுப் போயிருக்கு. ஃபைலைச் சரி பண்ணி அனுப்பு.”

“மாமா, அது அப்படித்தான். வேணும்னே விட்டது.”

“வேணும்னா? உங்கப்பா பாத்தா என்னை மெஷினை விட்டே இறக்கிருவான்.”

ஒருவர் காலம் பூராவும் எதைத் தவறு என்று திருத்திக்கொண்டிருந்தாரோ அதையே நான் டிசைன் என்று கேட்கிறேன். அவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் ஃபைல் மட்டும் அனுப்புவதில்லை. கலர் பிரிண்ட் எடுத்து, மை படிய வேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டி, “மேலே விழும் மை கீழே உள்ளதை வெட்டக் கூடாது” என்று தமிழில் எழுதி ஒட்டி அனுப்புகிறேன். இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில், மேல் மை கீழ் மையை வெட்டாமலிருக்க ஓவர்பிரிண்ட் ஃபில் போட்டிருந்தாலும் பிளேட் எடுக்கும் இடத்து செட்டிங்கில் அது கழன்றுவிடலாம். அது கழன்றால் அந்தப் பழுப்பு நிறமே வராது. எழுதி அனுப்பிய தாள் இருந்தால் அந்தச் சிக்கல் பிளேட்டிலேயே பிடிபடும்.

வீட்டிலிருந்து எடுத்த இன்னொரு முறை தேதிக் காலண்டர். தினமும் கிழிக்கிற அந்தச் சின்னத் தாளை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பெரிய தேதி, ஞாயிறு என்றால் சிவப்பில். ஆங்கில மாதம், தமிழ் மாதம், இஸ்லாமிய மாதம். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், மிச்சமிருக்கும் இடத்தில் பன்னிரண்டு ராசிக்கும் பலன். உள்ளங்கை அகலத் தாளில் இவ்வளவையும் அடைத்தால் கல்லூரியில் பாஸ் மார்க்கூட விழாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி அதில் ராகு காலம் இருக்கும் இடத்தில் நேரே விரலை வைத்து, “எத்தனை மணின்னு போட்டிருக்கு, வாசி” என்பார். வருஷம் 365 நாளும் அது அதே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை. எழுத்து சின்னதாக இருப்பதால் வரும் கஷ்டத்தை அந்த நிலையான இடம் ஈடுகட்டிவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன கிளினிக்குக்கு மாத்திரை அட்டை செய்ய வேண்டியிருந்தபோது இதைத்தான் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா எழுதும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று) வயதானவர்களுக்குப் புரியவில்லை, மாத்திரை போட்டோமா இல்லையா என்பதும் மறந்துபோகிறது என்பதுதான் பிரச்சினை. ஐகான், சூரியன், நிலா எல்லாம் போட்டு ஏற்கெனவே யாரோ ஒரு அட்டை செய்து கொடுத்திருந்தார்கள். நான் கொடுத்தது ஒரு மாதத்துக்கான கிழிக்கும் தாள்கட்டு. பெரிய தேதி. இடது பக்கம் எப்போதும் சாப்பாட்டுக்கு முன், வலது பக்கம் எப்போதும் சாப்பாட்டுக்குப் பின். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் மட்டும் சிவப்பு. ராத்திரி மாத்திரை போட்ட பிறகு தாளைக் கிழிக்க வேண்டும். காலையில் எழுந்து பார்க்கும்போது நேற்றைய தேதி இருந்தால் ராத்திரி மாத்திரை தவறியிருக்கிறது. எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் காலமெல்லாம் செய்துவந்த காரியம்தானே.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விலைக் குறிப்பு. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து வருஷக் கடைசிவரை காலண்டர் மெஷின்களை நெருங்க முடியாது. பொங்கல் கழிந்து போனால் பேசுவதற்கும் ஆள் இருப்பார்கள், விலையும் இறங்கும்.

காலண்டர் பேச்சு வந்ததால் ஓவியர் கொண்டையராஜுவைப் பற்றி. கோவில்பட்டியில் இருந்து வரைந்த அவரது (1898–1976) சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போயின. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர் அவர். அவருடைய தெய்வங்கள் ஏதோ ஒரு மேடையில் வந்து நிற்பது மாதிரி, பின்னால் மலையும் ஆறும் தோட்டமுமாக இருப்பதற்கு அந்தத் திரைச்சீலைப் பழக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம். வரைந்தது எல்லோரும் கும்பிடும் முருகனையும் லட்சுமியையும்தான். வரைந்த கை நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது, அதனால் படம் அவருடையதாகத் தெரிகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால் கோலத்தைக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தெருவில் கோலம் போடுவது உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது என்று சொல்ல முடிந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெக்டர் ஃபைலாக டவுன்லோட் பண்ணுவதில்தான் எனக்குச் சண்டை.

பழைய காலண்டர் படம்தானே என்று ஸ்கேன் பண்ணிப் போஸ்டரில் போடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நம் நாட்டின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை இருக்கிறது. கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு அது 2036 முடியும்வரை வருகிறது. லேபிள்களில் பல டிரேட்மார்க்காகப் பதிவானவை. பழையது என்பதால் கேட்பாரற்றது ஆகிவிடாது. முறைக்கு அப்படி யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது எனக்குக் கூடுதல் வசதி.

சட்டத்தில் வராத உரிமை ஒன்றும் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குத் தீப்பெட்டி வடிவத்தில் பத்திரிகை கேட்டார்கள். அம்மாவை உட்காரவைத்து, பெட்டி ஒட்டும் விதத்தைக் கேட்டு எழுதலாம் என்று போனேன். மடிப்பது எப்படி, பசை எவ்வளவு என்று கை தானாகவே செய்து காட்டியது. பிறகு சொன்னார்: “குரோஸுக்கு இவ்வளவுன்னு கூலி. நூத்தி நாப்பத்தி நாலு ஒட்டினாத்தான் ஒரு குரோஸ். அந்தப் பசை வாடை இன்னைக்கும் எனக்கு ஆகாது. இதைப் போயி கல்யாணத்துக்கு வைப்பாங்களா?” எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் குச்சி அடுக்கியது. அம்மாவும் அதில் ஒருத்தி. அதை ‘ரெட்ரோ’ என்று பெயர் வைத்துச் சென்னை ஸ்டுடியோவில் ரசிப்பது எனக்குக் கசக்கிறது. அந்த வேலையை நான் எடுக்கவில்லை. தீப்பெட்டியையே தொடக் கூடாது என்று இல்லை, அதில் உழைத்தவர் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போது அவரைக் கேட்டுவிட்டுத் தொடலாம். சாதிப் பட்டம், சாமி கும்பிடும் முறை, சாவு வீட்டுச் சடங்கு இவற்றுக்கும் அதே விதிதான். நம் வீட்டில் நடந்தது என்பதாலேயே விற்கும் உரிமை நமக்கு மட்டும் வந்துவிடாது.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் நிறையப் பேர் ஆங்கில லோகோவை முடித்துவிட்டுத் தமிழைப் பக்கத்தில் திணிக்கிறார்கள். முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று இலவசமாகவே நல்ல ஃபான்ட்கள் வந்துவிட்டன. பத்தி எழுத்துக்கு அவை போதும். லோகோவுக்கு அவற்றையே போட்டால் பக்கத்துக் கடையும் அதையே போட்டிருக்கும். கையால் எழுதுவதற்குச் சொந்த மூலம் ஒன்று வேண்டும். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைத் தலைப்புகளுக்கு எழுதிய எழுத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி உடைத்து உடைத்து எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அவருடைய தூரிகை, நமக்கு ஒட்டாது.

என் மூலம் அப்பா. பிரஸ்ஸில் அடித்து அடுக்கிய தாள்கட்டின் மேல் பட்டை மார்க்கரில் “காயணும்”, “2-ம் கலர் பாக்கி”, “அவசரம்” என்று எழுதிச் சொருகுவார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், நின்று எழுத நேரமிருக்காது. அதனால் சுழிகளை மூட மாட்டார். ‘ண’வின் சுழி பாதியிலேயே நிற்கும், ‘கா’வின் கால் கீழே வராமல் அந்தரத்தில் முடியும். அந்தத் திறந்த சுழியை வைத்து ஒரு எழுத்துக் குடும்பம் வரைந்து வைத்திருக்கிறேன். அச்சில் இதற்கு ஒரு பலன் கிடைத்தது. மலிவுத் தாளில் மை பரவும்போது சின்ன சைஸில் மூடிய சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். திறந்த சுழி அடைக்காது. அப்பா அவசரத்தில் செய்தது சின்ன லேபிளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது.

சாஃப்ட்வேர் பக்கம் இரண்டு சங்கதி. அடோபியில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் செட்டிங்கான வேர்ல்டு ரெடி கம்போசரைப் போடாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துகளை அவுட்லைன் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைகோடாக மாற்றி அனுப்புங்கள், நிறைய பிரஸ்களில் இன்னும் பழைய ஃபான்ட்தான். இன்னொன்று, வரி இடைவெளி. மேலே கி, கீ, கீழே கு, ழு என்று தமிழ் இரண்டு பக்கமும் நீட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் அது மூச்சுத் திணறும்.

டிசைன் முடிந்ததும் நான் இரண்டு பேரிடம் காட்டுவேன், ஒரு விளக்கமும் சொல்லாமல். ஒருவர் அந்த ஊரை, அந்த வேலையைத் தெரிந்தவர். இன்னொருவர் ஒன்றும் தெரியாதவர். தெரிந்தவருக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் எங்கே என்று சட்டென்று பிடிபடக் கூடாது. உடனே “ஓ, தீப்பெட்டி லேபிளா” என்றால் நான் இன்னும் படத்திலேயே நிற்கிறேன் என்று பொருள். தெரியாதவருக்குக் கதை தேவையில்லாமலே அது வேலை செய்ய வேண்டும். பெட்டி என்றால் திறக்க வேண்டும், அட்டை என்றால் படிக்க வேண்டும். கதையைச் சொன்னால்தான் புரியும் என்கிற டிசைனுக்கு நாமும் கூடவே கடை கடையாகப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

“மேம், உங்களுக்குச் சிவகாசி இருக்கு. எனக்கு என்ன இருக்கு?” என்று ஒரு மாணவன் கேட்டான். சென்னை ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவன், சொந்த ஊர் என்று சொல்லப்படும் ஊருக்கு எப்போதாவது கல்யாணத்துக்குப் போவதோடு சரி. அவனையும் நடந்ததை எழுதச் சொன்னேன். கேன் தண்ணி, லிஃப்ட் ரிப்பேர், வாட்ஸ்அப் குரூப்பில் பார்க்கிங் சண்டை என்று போன பட்டியலில் கேட்டில் இருக்கும் விசிட்டர் ரிஜிஸ்டர் இருந்தது. அவன் வீட்டுக்கு வந்த தாத்தா முதல் கூரியர்காரர்வரை எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போட்டுப் பிரிக்கும் தாள் அது.

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதையே அழைப்பிதழாக்கினான். அதே நீளவாக்குக் கட்டங்கள், அதே நீலக் கோடு. ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வரியில் அழைக்கப்படுபவரின் பெயரைக் கையால் எழுதி, ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டான். வந்தவர்கள் வாசலிலேயே பேனாவை வாங்கி நிரப்பினார்கள். ஒரு பெரியப்பா “சமையல்காரரை” என்று எழுதினாராம். ‘போன நேரம்’ கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. விசேஷ வீட்டில் அதைப் போய்க் கேட்பதா என்று அவன் அம்மாவும் முணுமுணுத்திருக்கிறார். அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த அகலத்தை ‘எங்கிருந்து’ கட்டத்துக்குக் கொடுத்திருக்கிறான். ஊர்ப் பெயர்கள் நீளம், போன தடவை இடம் பத்தவில்லை.